கல்லில் உரித்த நார்: நுரையீரல் உறைக் கட்டிகளும் அறுவை மருத்துவமும்

கல்லில் நார் உரித்தல் என்பது நம் நாட்டு வழக்கில் இயலாத செயலுக்குச் சொல்லப்படும் தொடர். ஈயாதவனிடம் இரந்து நிற்பவனையும் அவ்வாறே எள்ளுவர். ஆயின் உண்மையிலேயே நார் உரியும் கல் ஒன்று உண்டு. அதனைத் தமிழர் கல்நார் என்று பெயரிட்டு வழங்கினர். ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் வழங்கும் பெயர், அணைக்க இயலாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அப்பெயர் தீயோடு அதற்குள்ள தொடர்பைக் கூறுகின்றது. தமிழ்ப் பெயரோ அதன் வடிவைக் கூறுகின்றது. நம் கட்டுரைக்கு வடிவைக் கூறும் பெயரே பயன் தருவது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த அந்த நாரின் வடிவே, நுரையீரலைப் போர்த்தியுள்ள உறையில் அரிய புற்றுநோய் ஒன்று தோன்றக் காரணமாகின்றது.

தமிழ்த்துறை மலரில் மருத்துவத்திற்கு என்ன இடம் என்று மாணவர் வினவக்கூடும். அறுவை மருத்துவத்தை 'இரண வைத்தியம்' என்று தலைப்பிட்டு, 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழாக்கி அச்சிட்டவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். நம் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் ஊட்டி வந்துள்ளது. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935-2017) மருத்துவக் கலைச்சொற்களைத் திரட்டிக் களஞ்சியமாகவே தந்தார். இவ்வழியில் வந்த நமக்கு, நோயின் பெயரைச் சரியாகச் சொல்லுதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நுரையீரல் உறைக் கட்டிகளில் பெயர் பிழைத்தால் சிகிச்சையும் பிழைத்துவிடும். ஒரு பெயருக்குக் கத்தி உயிர் கொடுக்கும். மற்றொரு பெயருக்கு அதே கத்தி எஞ்சிய நாளையும் குறைத்துவிடக் கூடும். இவ்விரண்டையும் மருத்துவர் எவ்வாறு பிரித்தறிகின்றனர் என்பதையே இங்குக் காண முற்படுகின்றோம்.

உறையின் இயல்பு

நுரையீரல் நெஞ்சுக்கூட்டினுள் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை. இரட்டைப் படலம் ஒன்று அதனைச் சூழ்ந்துள்ளது. உட்படலம் நுரையீரலோடு ஒட்டியது. வெளிப்படலம் விலா எலும்புகளின் உட்புறத்தையும், கீழே உதரவிதானத்தையும், நடுவே இதய உறையையும் போர்த்தியது. இரண்டிற்கும் நடுவே சில தேக்கரண்டி அளவு நீரே உண்டு. மூச்சுக்கு மூச்சு இரு படலங்களும் உராயாமல் வழுக்கிச் செல்ல அந்த நீர் உதவுகின்றது. வலியை உணரும் நரம்புகள் வெளிப்படலத்தில் உள்ளன, உட்படலத்தில் இல்லை. உட்படலத்தில் தோன்றும் கட்டி, தேங்காய் அளவு வளர்ந்த பின்னும் நோயாளிக்கு வலியே இல்லாமல் இருப்பது இதனால்தான்.

கிரேக்கர் இவ்வுறைக்கு இட்ட புளூரா என்னும் பெயர் விலாவைக் குறிப்பது. இப்னு ஸீனா முதலிய அறபு மருத்துவ மேதைகள் இவ்வுறையின் அழற்சியை 'தாத்துல் ஜன்ப்' என்றனர். ஜன்ப் என்பதும் பக்கம், விலா என்னும் பொருளதே. நம் மக்கள் விலாக்குத்து என்பர். மூன்று மொழியினரும் நோயாளி கைவைத்துக் காட்டிய இடத்தையே பெயராக்கியுள்ளனர்.

பேச்சு வழக்கில் மட்டும் ஒரு தடுமாற்றம் உண்டு. "நுரையீரல்லெ தண்ணி கட்டிக்கிச்சுங்க" என்று நம் பகுதியில் சொல்வர். நீர் நுரையீரலுக்குள் தேங்குவதில்லை; அதற்கு வெளியே, இரு படலங்களுக்கு நடுவே தேங்குகின்றது. நெஞ்சுறையில் நீர் கோத்தல் என்பதே செம்மையான வழக்கு. இந்த நீரே பெரும்பாலும் நாம் பேசும் புற்றுநோயின் முதல் அறிகுறி.

ஒரு சொல்லுக்குள் இரு நோய்

உறையில் காணப்படும் புற்றுக்கட்டிகளில் மிகப் பல, நுரையீரல், மார்பகம் முதலிய பிற உறுப்புகளில் தோன்றி அங்கு வந்து பரவியவை. உறையிலேயே முளைப்பவை அரியன. அவ்வரியவற்றுள் இரண்டினை இங்குக் கொள்வோம்.

1931ஆம் ஆண்டு கிளெம்பரர், ராபின் என்னும் இரு மருத்துவர்கள், உறையில் தோன்றும் கட்டிகளை ஓரிடத்தில் நிற்பது, எங்கும் பரவுவது என இரண்டாகப் பகுத்தனர். பின்வந்த ஆய்வுகள் இப்பகுப்பைப் பெரிதும் திருத்தியமைத்தன. இவை ஒரே நோயின் இரு வடிவங்கள் அல்ல. வேறுவேறு உயிரணுக்களிலிருந்து பிறந்த வேறுவேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று.

ஓரிடத்தில் நிற்பதனைத் தனித்த நார்த்திசுக்கட்டி என்று வழங்கலாம். இதற்கும் கல்நாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரில் வரும் நார் உடலின் திசு நாரே. இது பெரும்பாலும் உட்படலத்திலிருந்து, காம்பில் தொங்கும் சுரைக்காய் போல் வளர்கின்றது. பிற காரணத்திற்காக எடுத்த எக்ஸ்-ரேயில் தற்செயலாகத் தென்படுவது வழக்கம். பெரிதாகி நெஞ்சை அடைத்தபோது மூச்சுத்திணறல் வரும். சிலருக்கு விரல் நுனிகள் பருத்து நகம் கிளிமூக்குப் போல் வளையும், மூட்டுகள் வலிக்கும். மிகச் சிலருக்கு வியப்பான ஒரு குறி தோன்றும்: இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து மயக்கம் வரும். கட்டி சுரக்கும் இன்சுலின் போன்ற ஒரு பொருளே காரணம். 1930இல் டோகே, பாட்டர் என்னும் இருவர் இதனைத் தனித்தனியே விவரித்தமையால் அவ்விருவர் பெயராலேயே இது வழங்குகின்றது. சர்க்கரை நோய்க்கு மருந்தே உண்ணாத ஒருவர் விடியற்காலையில் சர்க்கரை குறைந்து மயங்கினால், நெஞ்சை ஒருமுறை படம்பிடித்துப் பார்த்தல் தகும்.

எங்கும் பரவுவது மீசோதீலியோமா எனப்படும் புற்றுநோய். உறையின் மேற்பரப்பாக அமைந்த ஒற்றை அடுக்கு உயிரணுக்களில் இது பிறக்கின்றது. முதலில் வெளிப்படலத்தில் சிறு சிறு மணிகளாகத் தோன்றி, பின் ஒன்றோடொன்று கூடித் தடித்த ஏடாகி, இறுதியில் நுரையீரலைச் சுற்றி இறுக்குகின்றது. பொள்ளாச்சித் தோப்புகளைக் கண்டவர்க்கு உவமை எளிது: கொட்டாங்குச்சிக்குள் சுருங்கிக் கிடக்கும் கொப்பரை போல நுரையீரல் ஆகிவிடுகின்றது. கட்டி என்று சொல்லும்போது நம் மனத்தில் எழும் உருண்டை வடிவம் இதற்கு இல்லை. அறுத்தெடுக்க ஓர் எல்லை இன்மையே இந்நோயின் கொடுமை.

நார் வந்த வழி

தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண வடமேற்குப் பகுதியில் நீலக் கல்நார் வெட்டியெடுக்கப்பட்டு வந்தது. அப்பகுதியோடு தொடர்புடைய 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மூவர் 1960இல் எழுதிய கட்டுரையே, கல்நாரையும் இந்நோயையும் ஐயத்திற்கு இடமின்றி இணைத்துக் காட்டியது. அந்நோயாளிகள் அனைவரும் சுரங்கத் தொழிலாளர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. சிறுவயதில் அச்சுரங்கங்களின் அருகே வாழ்ந்து, பின் வேறு தொழிலுக்குச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். 1965இல் இலண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்னும் இரு பெண்மணிகள் செய்த ஆய்வு, தொழிலாளரின் தூசு படிந்த உடைகளைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் இந்நோய் வந்ததைக் காட்டிற்று.

துருக்கியின் கப்படோசியா நாட்டுப்புறத்தில் கராயின் முதலிய சிற்றூர்களில் இந்நோய் ஊரையே வாட்டியதை 1970களில் இஸ்ஸத்தீன் பாரிஷ் என்னும் மருத்துவர் வெளிக்கொணர்ந்தார். அங்கே ஆலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. வீடு கட்டிய கல்லிலேயே எரியோனைட் என்னும் மற்றொரு கனிமத்தின் நார் இருந்தது. ஆக, குற்றம் ஒரு பெயரில் இல்லை; மூச்சில் புகுந்து, உடலால் கரைக்கவும் வெளியேற்றவும் இயலாமல், உறைவரை சென்று தங்கும் நுண்ணிய நார் வடிவிலேயே உள்ளது என்பது விளங்கும். அந்நார் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் செல்லும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கோவை போத்தனூரில் 1950களில் கல்நார்ச் சிமெண்டுத் தகடு செய்யும் ஆலை ஏற்பட்டது. அத்தகைய தகடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். எஞ்சியது பெரும்பாலும் சிமெண்டு. நம் மக்கள் அதனை அட்டை என்றும் சிமெண்ட் சீட்டு என்றும் வழங்குவர். பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளிலும், சோமனூர் விசைத்தறிக் கூடங்களிலும், திருப்பூர்ப் பட்டறைகளிலும், தொழிலாளர் குடியிருப்புகளிலும் அக்கூரையைக் காணாதார் இலர். அதுவேயன்றி, பழைய ஆலைகளின் கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் கல்நாரால் பொதிந்து வைத்தல் உலகெங்கும் இருந்த முறை. வண்டிகளின் பிரேக் கட்டைகளிலும் அது பயன்பட்டது.

இங்கே நடுநிலை வேண்டும். தலைக்கு மேல் முழுமையாக இருக்கும் தகடு நாரைச் சிமெண்டுக்குள் பிணித்து வைத்திருக்கின்றது. அதனை இரம்பத்தால் அறுக்கும்போதும், துளையிடும்போதும், பழைய தகட்டை உடைத்து வீசும்போதும் தூசு பறக்கின்றது. வெள்ளை வகையின் தீமை நீலத்தினும் பழுப்பினும் குறைவு என்பது உண்மை. தீமையே இல்லை என்பது உண்மையன்று. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்று விளைப்பன என்றே வகுத்துள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரை விலக்கிவிட்டன. இந்தியாவில் வெட்டியெடுப்பது நின்றது, இறக்குமதி நிற்கவில்லை. அவ்வாறு இறக்குமதியாகும் நாரைக் கொண்டு இன்றும் தகடு செய்கின்றோம்.

நோய் நாடல்

நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை, இந்நோயில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஆனால் நடைமுறையில் நம் பகுதியில் 'முதல் நாடல்' விடுபட்டுப் போகின்றது. காரணம் உண்டு. நெஞ்சுறையில் நீர் என்றதும் இங்கு முதலில் நினைவுக்கு வருவது காசநோய். பெருந்துறைச் சானடோரியத்தின் பெயரை முதியோர் இன்றும் மறக்கவில்லை. பஞ்சாலைகளில் உழைத்தோர்க்குப் பஞ்சுத்தூசியால் மூச்சுத்தடை வருவதும் இப்பகுதி நன்கறிந்ததே. எண்ணிக்கையில் பார்த்தால் காசநோயை முதலில் நினைப்பது தவறன்று. அதனையே முடிவாகவும் கொள்வதுதான் தவறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். அறுபது வயது கடந்த ஒருவர் மூச்சிரைப்போடு வருகின்றார். வலப்பக்கம் நீர். ஊசியால் ஒரு லிட்டர் எடுக்கின்றனர். நீரில் நிணநீரணுக்கள் மிகுதி; ஏ.டி.ஏ. என்னும் நொதியின் அளவும் சற்றே உயர்வு. காசநோய் மருந்து தொடங்குகின்றனர். ஒரு திங்களில் நீர் மீண்டும் நிறைகின்றது. மீண்டும் எடுக்கின்றனர். மருந்து தொடர்கின்றது. இவ்வாறு ஐந்தாறு திங்கள் கழிகின்றன. ஏ.டி.ஏ. சில புற்றுநோய்களிலும் உயரக்கூடும் என்பதையும், காசநோய் நீர் மருந்துக்கு அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதையும் யாரேனும் நினைவூட்டினால் போதும், பாதை மாறும்.

இத்தாலிய மருத்துவர் இராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில்நோய் நூலில், மருத்துவர் நோயாளியைக் கேட்கும் வினாக்களோடு 'உம் தொழில் யாது' என்பதையும் சேர்க்குமாறு கூறினார். நம் ஊரில் இவ்வினாவைக் கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. "ஏனுங்கய்யா, என்ன வேலை பாக்கறீங்க?" என்றால், "இப்பச் சும்மாதானுங்க இருக்கறனுங்க" என்பதே விடையாக வரும். விடை பொய்யன்று, வினாதான் குறைவு. "சின்ன வயசுலயிருந்து என்னென்ன வேலை பாத்தீங்க? ஊட்டுல வேற யாரு என்ன வேலைக்குப் போனாங்க?" என்று கேட்டால், "முன்னால ஒரு நாலு வருசம் கூரைக்குச் சீட்டு அறுத்துப் போட்டமுங்க, அது ஆச்சுங்க முப்பத்தஞ்சு வருசம்" என்று வரக்கூடும். அந்த ஒரு தொடர் பல ஆய்வுகளுக்குச் சமம். பெண்களிடம் கணவர், தந்தையர் தொழிலையும் கேட்டல் வேண்டும். உடை துவைத்த கை அவர்களுடையது.

இனிப் படம். சி.டி. ஸ்கேனில் உறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருத்தல், முடிச்சு முடிச்சாக இருத்தல், நுரையீரலைச் சுற்றி வளைத்திருத்தல், இதயப் பக்கத்து உறையிலும் பரவியிருத்தல் ஆகியன புற்றைச் சுட்டுவன. தனித்த நார்த்திசுக்கட்டியோ விளிம்பு தெளிந்த உருண்டையாகத் தோன்றும். படுக்கும் நிலையை மாற்றினால் காம்போடு இடம் மாறுவதும் உண்டு. ஆயின் படம் ஐயத்தை எழுப்புமே அன்றித் தீர்ப்புக் கூறாது.

தீர்ப்புத் திசுவில் உள்ளது. நீரில் மிதக்கும் அணுக்களை மட்டும் நோக்கி மீசோதீலியோமாவை உறுதிசெய்தல் பல வேளைகளில் இயலாது. அழற்சியால் உருமாறிய நல்ல அணுவும் தீய அணுவும் ஒன்றுபோல் தோன்றும். விலாவிடுக்கில் ஊசியைக் குருட்டாம்போக்கில் செலுத்தி உறையைக் கிள்ளி எடுக்கும் பழைய முறை, உறையெங்கும் விரவும் காசநோய்க்கு ஏற்றது. ஆங்காங்கே தோன்றும் புற்றை அது தவறவிடும். எனவே மார்பு உள்நோக்கியே சிறந்தது. ஸ்டாக்ஹோம் மருத்துவர் யாக்கோபேயஸ் 1910இல் தொடங்கிவைத்த முறை இது. விலாவிடுக்கில் சிறு துளையிட்டுக் கருவியைச் செலுத்தி, நீரை முழுதும் வடித்து, உறையைக் கண்ணால் கண்டு, ஐயமான பல இடங்களில் ஆழமாகத் திசு எடுக்கின்றனர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதனால் விடை கிடைக்கின்றது.

எடுத்த திசு நோய்க்கூற்று வல்லுநரிடம் செல்கின்றது. அவர் செய்வது நம் இலக்கண ஆசிரியர் வேற்றுமை காண்பதனை ஒக்கும். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 முதலிய குறிகள் சாயமேற்று மீசோதீலியோமாவைக் காட்டும், டி.டி.எஃப்.-1 போன்றவை நுரையீரல் புற்றைக் காட்டும். ஒரு பக்கத்தில் இரண்டாவது 'உண்டு' எனவும், மறுபக்கத்தில் இரண்டாவது 'இல்லை' எனவும் வந்தாலன்றி அவர் பெயரிடார். பாப்-1 என்னும் புரதம் அணுக்கருவில் மறைந்திருத்தல் இது வெறும் அழற்சியன்று, புற்றே என்பதற்குச் சான்று. தனித்த நார்த்திசுக்கட்டிக்கு ஸ்டாட்-6 என்னும் குறி உள்ளது. அதன் அடியிலுள்ள மரபணு இணைவு 2013இல்தான் கண்டறியப்பட்டது. மீசோதீலியோமாவையும் தோலணு வகை, தசைநார் வகை, கலப்பு வகை என மூன்றாகப் பகுப்பர். முதல் வகையினர் ஒப்புநோக்க நெடுநாள் வாழ்வர்; இரண்டாம் வகை மிகக் கடுமையானது.

கத்தியின் வெற்றியும் எல்லையும்

தனித்த நார்த்திசுக்கட்டிக்கு அறுவையே மருந்து. சிறிய கட்டியாயின் இரண்டு மூன்று துளைகள் வழியே கேமராக் கருவியால் எடுத்துவிடுவர். பெரியதாயின் விலாவிடையே திறந்துதான் ஆகவேண்டும். காம்பு தொடங்கும் இடத்து நுரையீரல் திசுவையும் சிறிது சேர்த்து, விளிம்பில் நோய் எஞ்சாமல் வெட்டுவதே அறுவையின் உயிர்நிலை. வெளியே எடுக்கும்போது கட்டி சிதறாமல் பைக்குள் இட்டு எடுப்பர். முழுமையாக எடுக்கப்பட்டோரில் மிகப் பலர் நலமடைகின்றனர். சரிந்துகொண்டிருந்த சர்க்கரை சீராகின்றது; மூட்டுவலி தணிகின்றது. ஒரு சிறு பகுதியினருக்குக் கட்டி தீயதாக இருப்பதுண்டு. நல்லதென்று தோன்றியதும் பத்தாண்டு கழித்து மீண்டும் முளைத்ததுண்டு. ஆகவே தையல் பிரித்ததோடு மருத்துவமனையை மறந்துவிடுதல் கூடாது. ஆண்டுதோறும் படம் பார்த்து வருதல் வேண்டும்.

மீசோதீலியோமாவின் அறுவை வரலாறு வேறு. நோய் நுரையீரலைச் சுற்றி வளைத்திருப்பதால், உறை, நுரையீரல், அப்பக்கத்து உதரவிதானம், இதய உறை ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றும் மாபெரும் அறுவையை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வல்லுநர் சிலர் கையாண்டனர். அமெரிக்காவில் டேவிட் சுகர்பேக்கர் இதன் முன்னோடியாகப் பெயர் பெற்றார். தேர்ந்தெடுத்த நோயாளிகள் சிலர் பல்லாண்டு வாழ்ந்தனர் என்ற செய்தி உலகெங்கும் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் அவர்கள் அறுவையால் வாழ்ந்தனரா, அன்றி அறுவையைத் தாங்கும் வலிமையும் மெல்ல வளரும் நோயும் வாய்த்தவர் ஆதலால் வாழ்ந்தனரா என்னும் வினா விடையின்றி நின்றது. தேர்வில் வெல்லக்கூடிய மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டு, வெற்றி விழுக்காட்டைப் பறைசாற்றும் பள்ளியை நாம் அறிவோம் அல்லவா?

இதற்கு விடைகாண ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடுதல். இங்கிலாந்தில் நடந்த மார்ஸ் என்னும் ஆய்வு, அறுவை பெறுவோர், பெறாதோர் என 50 பேரைப் பிரித்தது. 2011இல் வெளிவந்த அதன் முடிவு, நுரையீரலோடு அகற்றும் அறுவையால் பயன் இல்லை, தீங்கு விளையக்கூடும் என்றது. எண்ணிக்கை சிறிது என்று அறுவை மருத்துவர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் அவர்களே நுரையீரலை விட்டுவைத்து, உறையை மட்டும் உரித்தெடுக்கும் முறைக்குப் பெரும்பாலும் மாறினர். இது கைத்திறம் மிக வேண்டும் பணி. விலாவிலிருந்து வெளிப்படலத்தைப் பிரித்து, பின் நுரையீரலின் மேலிருந்து தடித்த ஏட்டை, ஆரஞ்சுச் சுளையின் மேல்தோலை உரிப்பது போல் அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டும். உரித்த இடமெல்லாம் குருதி கசியும், காற்றுக் கசியும். பல மணி நேரம் செல்லும்.

இம்முறையும் தேர்வுக்கு உட்பட்டது. மார்ஸ் 2 என்னும் ஆய்வில் 335 நோயாளிகள் பங்குகொண்டனர். அனைவருக்கும் முதலில் மருந்துச் சிகிச்சை. பின் ஒரு பிரிவினருக்கு மட்டும் உறை உரிப்பு அறுவை. முடிவு 2024இல் வெளிவந்தது. அறுவை பெற்ற பிரிவினரின் இடைநிலை வாழ்நாள் 19.3 திங்கள், மருந்து மட்டும் பெற்றோர்க்கு 24.8 திங்கள். கடுமையான சிக்கல்களும் அறுவை பெற்றோர்க்கே மிகுதி. இந்த முடிவை அனைவரும் ஒரே குரலில் ஏற்கின்றனர் என்று சொல்ல இயலாது. நோயாளியைத் தேர்ந்த முறையையும், அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்பு விகிதத்தையும் சுட்டி மறுப்போர் உளர். மிகத் தொடக்க நிலையில் தோலணு வகை நோய் உற்ற சிலருக்கு அனுபவம் மிக்க மையங்களில் இன்றும் அறுவையைக் கருதுவோரும் உளர். எனினும், தம் கைத்திறனால் பெயர் பெற்ற ஒரு துறையினர், அத்திறனையே தராசில் நிறுத்தி, எடை குறைந்தபோது அதனை அச்சிட்டு வெளியிட்டனர். அறிவியலில் நாம் பெரிதும் மதிப்பது இதனையே.

அப்படியானால் இந்நோயில் அறுவை மருத்துவருக்கு வேலை இல்லையா? உண்டு. உள்நோக்கியால் திசு எடுப்பது அவர். அதே அமர்வில் மீண்டும் நீர் சேராதிருக்க, தூய்மைசெய்த டால்க் தூளைத் தூவி இரு படலங்களையும் ஒட்டவைப்பதும் அவர். கனிமத் தூசால் வந்த நோய்க்குக் கனிமத் தூளே ஆறுதல் தருவது வியப்புத்தான். கல்நார்க் கலப்பு அற்ற டால்க்கே இதற்குரியது. நுரையீரல் விரியாதவர்க்கு மெல்லிய குழாயை உள்ளே நிலையாக வைத்து, வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளப் பழக்குவர். வாரந்தோறும் ஊசிக்கு வந்து நின்றவர், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூச்சுவிட இதனால் இயலுகின்றது.

மருந்துகளைச் சுருக்கமாகவே குறிப்போம். 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சிஸ்பிளாட்டினோடு பெமெட்ரெக்ஸெட் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 9.3 திங்களிலிருந்து 12.1 திங்களாக உயர்ந்தது. 2021இல் நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்துகள் இரண்டும் இணைந்து, 14.1 திங்களை 18.1 ஆக்கின. தோலணு அல்லாத கடும் வகையில் இம்மருந்துகளின் பயன் மிகுதி. விலையோ நம் உழைக்கும் மக்களின் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. எனவே பிரிவைச் சரியாகப் பெயரிடும் நோய்க்கூற்று அறிக்கை, எங்குப் பணத்தைச் செலவிடலாம், எங்கு வேண்டாம் என்று வீட்டாருக்கு வழிகாட்டும் ஆவணமும் ஆகின்றது. காடு விற்று வைத்தியம் பார்த்தோம் என்னும் சொல் நம் பகுதியில் அரிதாகக் கேட்பதன்று. அக்காட்டை விற்கும் முன், நோயின் முழுப்பெயரும் வகையும் தாளில் எழுதப்பட்டுள்ளனவா என்று கேட்க வீட்டிலுள்ள கற்றவர்க்கு உரிமையும் கடமையும் உண்டு.

ஏட்டில் உள்ளோரும் இல்லாதோரும்

1995 சனவரி 27ஆம் நாள், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் நம் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் பொருட்டுத் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையுள் அடங்கும் என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நல ஏட்டையும், வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காத்துவைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்த 40 என்னும் எண் தற்செயலானதன்று. நார் உறங்கும் காலத்தை அறிந்து வகுத்த எண் அது.

ஆலை வாயிலில் பெயர் பதிந்தவருக்கு அந்த ஏடு உண்டு, சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கதவும் உண்டு. கூரை ஏறித் தகட்டை அறுத்துப் பொருத்திய தினக்கூலிக்கும், பழைய கொட்டகையைப் பிரித்து அடுக்கிய ஒப்பந்த ஆளுக்கும், அவர்தம் சட்டையைத் துவைத்த மனைவிக்கும் எந்த ஏடும் இல்லை. அவர்கள் நோயுற்று வரும்போது எசமானரும் மாறியிருப்பார். கொட்டகை இருந்த இடத்தில் வேறொன்று எழுந்திருக்கும்.

இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வீட்டிலுள்ள பழைய அட்டையை மாற்ற நேர்ந்தால், தண்ணீர் தெளித்து நனைத்தபின் முழுத்தகடாகக் கழற்றச் சொல்லுங்கள். உடைக்கவும் அறுக்கவும் விட வேண்டா. அடுத்து, ஓய்வான ஒரு மாலையில் தாத்தாவிடமும் அப்பாவிடமும் அம்மாவிடமும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த ஊரில் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு, ஒரு முழுத்தாளில் நிரலாக எழுதுங்கள். மில்லில் எந்தப் பிரிவு, பட்டறையில் எந்தக் கருவி, கூரை வேலையா, கொதிகலன் வேலையா என்பதையும் குறியுங்கள். அந்தத் தாளை வீட்டு மருத்துவக் கோப்பில், எக்ஸ்-ரே உறைக்குள் முதல் தாளாக வையுங்கள்.